ஜன்னல் கம்பிக்குள் வந்த தும்பிக்கை

‘தேநீரோடு சம்பந்தப்பட்டு உங்களால் மறக்கவே முடியாத, நெஞ்சு படபடத்த அனுபவம் ஏதாவது உண்டா?’ என்பது கேள்வி.

உண்டு. வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் 26 வருஷம் டீ மேக்கராக இருந்தேன். கொழுந்து டிராக்டரில் வந்து இறங்கும் நேரத்திலிருந்து தூளாக மூட்டை கட்டி ஏற்றும்வரை அது டீ மேக்கர் பொறுப்பு. அதனால் என்னிடம் இருப்பதெல்லாம் கோப்பைக்கு வருவதற்கு முந்தைய கதைகள். அதில் ஒரு ராத்திரியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த ராத்திரியின் பதற்றம் உங்களுக்குப் பிடிபடாது.

தேயிலைக் கொழுந்தைச் செடியிலிருந்து கிள்ளிய நிமிஷத்தில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதை யாராலும் நிறுத்த முடியாது. காய்கறி மாதிரி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது. டிரஃப் என்கிற நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து, 12 முதல் 14 மணி நேரம் வாட்ட வேண்டும். வரும்போது நூற்றுக்கு 77, 78 பங்கு தண்ணீராக இருக்கும் இலை, 70 பங்குக்கு இறங்கும். கையில் அள்ளிப் பந்தாக அமுக்கினால் ஒடியாமல் குழைந்து நிற்க வேண்டும். அதன் பிறகு சிடிசி மெஷின். கிரஷ், டியர், கர்ல் என்பதன் சுருக்கம். 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்த முறை அது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நடுவில் போகும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே விழும். டீக்கடையில் வடிகட்டியில் போடுகிற குருணைத் தூள் எல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

இலை கிழிந்ததும் அதன் சாறு காற்றோடு சேர்கிறது. இதை ஃபெர்மென்டிங் என்று சொல்வோம். ஆனால் இது மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர் செய்யும் வேலை இல்லை. வெட்டி வைத்த ஆப்பிள் கறுக்குமே, அதே வேலை. பச்சை நிறம் போய், பழுப்பேறி, செம்பு நிறத்துக்கு வரும். பச்சைப்புல் வாசனையில் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் வெள்ளரிக்காய் நறுக்கியதுபோல ஒரு குளிர்ந்த வாசனை. பிறகு ஒரு கட்டத்தில், சட்டென்று, பழுத்த பழத்தின் மணம் ஒன்று எழும். அந்த மணம் உச்சியில் நிற்பது சில நிமிஷங்கள்தான். அதைப் பிடித்து டிரையருக்கு அனுப்ப வேண்டும். சூடு பட்டால்தான் அந்த வேலை நிற்கும். தாமதித்தால் உச்சி இறங்கிவிடும். மணிக்கணக்கு உண்டு, தெர்மாமீட்டர் உண்டு. ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். ஒரு பிடி அள்ளி, இரண்டு கையாலும் மூடி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். “போதும், போடு” என்பார். அவ்வளவுதான். அந்த மூக்கு எனக்கு வர ஆறு வருஷம் பிடித்தது.

இனி அந்த ராத்திரி.

2008, நவம்பர். மழை விட்டு வெயில் வந்து, செடியெல்லாம் ஒன்றாகத் தளிர்த்துவிட்ட நேரம். அன்றைக்கு 9,000 கிலோ கொழுந்து. சுமார் நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது எங்கள் கணக்கு, ஆக 2,000 கிலோ தூளுக்கான வேலை. மத்தியானம் வந்த இலை நன்றாக வாடியிருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு மெஷினை ஓட்டினோம். என்னோடு ஏழு பேர்.

வால்பாறையைச் சுற்றித் தோட்டங்கள் இருக்கிற அத்தனை இடமும் ஒரு காலத்தில் ஆனைமலைக் காடு. 1890களில் வெட்டித் தோட்டமாக்கினார்கள். காடு துண்டு துண்டாக ஆங்காங்கே நிற்கிறது. யானைகள் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக வேண்டுமானால் தேயிலைக்குள் நடந்துதான் போக வேண்டும். வழி அவற்றினுடையது, நடுவில் நாம் இருக்கிறோம். யானை தேயிலையைத் தின்னாது. ஆனால் ரேஷன் கடை அரிசி, சத்துணவுக் கூடத்துப் பருப்பு, உப்பு இவற்றின் வாசனை பட்டால் கதவு, சுவர் எதுவும் நிற்காது. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்தத் தொந்தரவு அதிகம்.

இரண்டரை மணிக்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். “அண்ணே, கடைக்குப் பக்கத்துல நிக்குது. அஞ்சு. ஒரு குட்டி.”

குட்டி என்றதும் எல்லாருக்கும் முகம் மாறிவிட்டது. குட்டியோடு வரும் கூட்டத்தின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கற்கிற பாடம். கதவுகளைச் சாத்தினோம். மெஷின் சத்தத்துக்கு இந்தப் பக்கம் வராது என்ற தைரியத்தில் வேலையைத் தொடர்ந்தோம். முதலில் வெட்டிய இலை அப்போதுதான் பழுக்கும் மணத்துக்கு வந்திருந்தது. டிரையரில் போட ஆரம்பித்தோம்.

2.50க்குக் கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் ஃபேக்டரியில் முதலில் வருவது இருட்டு இல்லை, நிசப்தம். காதில் இரைந்துகொண்டிருந்த விசிறிகள், உருளைகள், பெல்ட்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் வெளியே தகரம் கிழியும் சத்தம் கேட்டது. கடைக் கதவு.

ஜெனரேட்டர் ரூம் தனிக் கட்டடம். எங்கள் பின்கதவிலிருந்து முப்பது நாற்பது அடி. டார்ச்சை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். விறகுக் கொட்டகைக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும் நடுவில் ஒரு பெரிய இருட்டு நின்றுகொண்டிருந்தது. அது அசைந்தபோதுதான் காது தெரிந்தது.

இங்கேதான் அந்தக் கடிகாரம். தரையில் சுமார் 700 கிலோ வெட்டிய இலை பரப்பியிருந்தது. அது நிற்காது, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து டிரையர். உள்ளே இலை கிடக்கிறது, காற்றடிக்கும் விசிறி நின்றுவிட்டது, விறகு அடுப்பு முழு வேகத்தில் எரிகிறது. 130 டிகிரி காற்று போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். காய்ந்துகொண்டிருக்கும் இலை அப்படியே கிடந்தால் கருகும், பொறி பிடிக்கும். தேயிலை ஃபேக்டரிகள் தீப்பிடிப்பது பெரும்பாலும் டிரையரிலிருந்துதான்.

அடுப்புக்காரர் யாரும் சொல்லாமலே குளிர்காற்றுக் கதவைத் திறந்துவிட்டார். நீளக் கம்பியால் தணலை வெளியே இழுத்தார். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. நானும் இன்னொருவரும் டிரையர் கதவைத் திறந்து, உள்ளே கிடந்த இலையை வாரி வெளியே தள்ளினோம். சாக்கை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டோம். அப்படியும் என் வலது மணிக்கட்டில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் அந்த ஆபத்து தீர்ந்தது.

அப்போது ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை, பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தான். “ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டுட்டு வந்துடறேன் சார். அரை நிமிஷம்.” நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு முரட்டுத்தனமாக நான் யாரிடமும் நடந்ததில்லை. காய்ந்தால் 200 கிலோ சொச்சம் தூள் வரும் இலை அது. அவன் அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். எனக்கு அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை, அந்த அம்மாவின் முகம்தான் வந்தது.

கடிகாரத்தை நிறுத்த முடியாது, ஆனால் மெதுவாக்கலாம். ஃபெர்மென்டிங்கின் வேகம் சூட்டைப் பொறுத்தது. 27 டிகிரியில் ஓடுவது 16 டிகிரியில் நடக்கும். வெளியே நல்ல குளிர். “ஜன்னல் எல்லாத்தையும் திற. இலையை மெலிசாப் பரப்பு” என்றேன். இரும்புக் கம்பி போட்ட பெரிய ஜன்னல்கள் அவை. ஏழு பேரும் சத்தமில்லாமல், வெறுங்காலோடு, கைவிளக்கு வெளிச்சத்தில் இலையை இழுத்து இழுத்துப் பரப்பினோம். குளிர்காற்று உள்ளே வந்தது. பழ வாசனை அறை முழுக்க எழுந்து ஜன்னல் வழியே வெளியே போனது.

அந்த வாசனைதான் அதைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் முழங்காலிட்டு இலையைத் தள்ளிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இரண்டு கை தூரத்தில், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில், ஒரு தும்பிக்கை நுழைந்தது. ஈரமாக, மண் ஒட்டி, நுனி மட்டும் ரோஜா நிறத்தில். காற்றில் இடதும் வலதும் ஆடியது. பிறகு கீழே இறங்கி, பரப்பியிருந்த இலையை நுனியால் தொட்டது. ஒரு விரல் அளவு பொருளைக்கூட எடுக்கத் தெரிந்த நுனி அது. கொஞ்சம் இலையைக் கிளறி, அப்படியே நின்று, ஆழமாக மூச்சை இழுத்தது.

அதை எப்படிச் சொல்வது? என் குருநாதர் கண்ணை மூடிக்கொண்டு நுகர்வாரே, அதே நிதானம். நான் அசையவில்லை. பக்கத்திலிருந்தவர் என் தோளைப் பிடித்திருந்த பிடி மறுநாள் கன்றிப்போயிருந்தது. பத்து நொடியோ, இருபது நொடியோ. பிறகு புஸ்ஸென்று ஊதியது. ஈர இலை என் முகத்தில், சட்டையில், சுவரில் எல்லாம் தெறித்தது. தும்பிக்கை வெளியே போயிற்று. அதற்கு வேண்டியது அதில்லை.

மூன்றே முக்கால் மணிக்குக் கூட்டம் ஓடையைத் தாண்டிப் போவதை வாட்ச்மேன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துச் சொன்னார். அதற்கும் பத்து நிமிஷம் பொறுத்துத்தான் கதவைத் திறக்க விட்டேன். ஜெனரேட்டர் ஓடியது, அடுப்பு மறுபடி எரிந்தது. முதலில் வெட்டியதில் தரையில் மிச்சமிருந்த இலை டிரையருக்குப் போகும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போயிருக்க வேண்டிய இலை.

காலையில் ருசி பார்த்தோம். வெள்ளைப் பீங்கான் குவளையில் அளந்து போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, ஆறு நிமிஷம். முந்தின நாள் தூளையும் பக்கத்தில் வைத்தேன். முந்தின நாள் கோப்பையில் விளிம்பை ஒட்டிப் பொன் வளையம் பளிச்சென்று இருந்தது, குடித்தால் நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. அந்த ராத்திரித் தேநீரில் வளையம் இல்லை. நிறம் என்னவோ ஆழமாக, அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் கனம் உண்டு, உயிர் இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. பளிச்சென்ற நிறத்தையும் கிள்ளலையும் தருவது ஃபெர்மென்டிங்கில் உண்டாகும் தியாஃபிளேவின் என்ற பொருள். அது ஒரு கட்டம் வரை ஏறி, பிறகு குறையத் தொடங்கும். கருஞ்சிவப்பையும் கனத்தையும் தருகிற தியாரூபிஜின் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். படித்துத் தெரிந்த பாடம்தான். ஆனால் ஒரு மணி நேரத் தாமதம் நாக்கில் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது.

நல்ல தூளோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடலாமே என்று ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக மூட்டை கட்டி, தனி எண் போட்டு, ஏலத்துக்கு அனுப்பினோம். விலை குறைந்தது, குறைந்துவிட்டுப் போகட்டும். வாங்குகிறவர் ருசி பார்த்து வாங்குகிறார், அவர் நாக்குக்கு நாம் பொய் சொல்லக் கூடாது. இதில் இன்றைக்கும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் 2011இலிருந்து யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். யானை நடமாடும் இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் விளக்கு எரியும், கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறவர்களுக்கு அது உயிர். அந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தபோது, எங்கள் ஃபேக்டரியில் அது சொந்த வீட்டுச் செய்தி மாதிரிதான் பேசப்பட்டது. அந்தப் பையன் ஓடிவந்து செய்தித்தாளைக் காட்டினான். அப்போது அவன் சிடிசி ஆபரேட்டர்.

யானை தவிரவும் சில சொல்லலாம். எடை போடும் கொட்டகைக்குப் போகிற வழியில் வடிகாலுக்குள் சிறுத்தைக் குட்டி படுத்திருந்ததை மூன்றடி தூரத்தில் பார்த்துப் பின்வாங்கியிருக்கிறேன். மூடுபனிக்குள் காட்டுமாடு ஒன்றைப் பாறை என்று நினைத்து அருகில் போயிருக்கிறேன். இவை தோட்டத்தில் எல்லாருக்கும் நடப்பவை.

வேறு வகையில் வயிற்றைக் கலக்கியது ஒரு வாசனை. ஒருமுறை கோயம்புத்தூர் ஏலத்துக்கு அனுப்பிய தூளில் ஏதோ அந்நிய வாசனை இருப்பதாகத் தகவல் வந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். மூன்று நாள் தூக்கமில்லை. டிரஃப்பிலிருந்து மூட்டை வரை ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்து ருசி பார்த்தேன். சல்லடைவரை சுத்தமாக இருந்தது. குடோனில் ஒரு மூலையில் அடுக்கிய மூட்டைகளில் மட்டும் வந்தது. அந்த மூலைக் கதவுக்கு இரண்டு வாரம் முன்னால் பெயின்ட் அடித்திருந்தார்கள். கதவைக் கழற்றி வெயிலில் போட்ட பிறகுதான் சோறு இறங்கியது.

கடைசியாக ஒன்று. இதில் திகில் இல்லை. ஆனால் ‘மறக்க முடியாத’ என்று கேட்டால் யானைக்குச் சமமாக இதைத்தான் வைப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், 31 வருஷம் கொழுந்து எடுத்த ஒரு அக்காவும் ஓய்வு பெற்றார். அந்த ஓடிவந்த பையனின் அம்மாதான் அவர். கொழுந்து எடுக்கிறவர்கள் எடைக் கொட்டகையோடு திரும்பிவிடுவார்கள். ஃபேக்டரிக்குள் வர வேலை வராது. 31 வருஷத்தில் அவர் உள்ளே வந்ததில்லை என்று கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கூப்பிட்டேன். மகன் கூட்டிக்கொண்டு வந்தான்.

டிரஃப்பில் வாடிக்கொண்டிருந்த இலையை ஒரு பிடி அள்ளினார். விரலால் விரித்துப் பார்த்தார். “இது மழைக்கு முந்தி எடுத்தது சார்.” அடுத்த டிரஃப்பில் ஒரு பிடி. ஓரம் சிவந்த நாலைந்து இலைகளை எடுத்துக் காட்டி, “யாரோ சாக்குல அமுக்கிக் கட்டியிருக்காங்க, கொழுந்து வெந்துபோச்சு பாருங்க” என்றார். பதிவேட்டைப் பார்த்தேன். முதலாவது காலை எடை. இரண்டாவது சாயங்காலம் கடைசி டிராக்டரில் நெருக்கி வந்தது. இரண்டுமே சரி.

ருசி பார்க்கும் மேஜையில் அன்றைய நல்ல தூளைப் போட்டு, ஆறு நிமிஷம் கழித்து வடித்துக் கொடுத்தேன். “பாலில்லாமலா?” என்றார். “முதல்ல இப்படிக் குடிங்க அக்கா.” கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

அப்போதுதான் அந்த விரல்களை அருகில் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெடித்து, வெடிப்புக்குள் கருஞ்செம்பு நிறம் ஏறியிருந்தது. கொழுந்துச் சாறு. எத்தனை முறை கழுவினாலும் போகாது. என் ஃபெர்மென்டிங் தரையில் இலைக்கு நடக்கிற அதே வேலைதான், காற்றும் சாறும் சேர்ந்து, 31 வருஷமாக அவர் கையில் நடந்திருக்கிறது. ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு. கோப்பையைக் கீழே வைக்காமல், அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய் நுகர்ந்து பார்த்துவிட்டு, மகனைப் பார்த்து, “அதே வாசனைடா” என்றார்.